கிண்டி தந்த செல்வங்கள்

பொறியியல் பட்டத்திற்கென்று சென்னைப் பல்கலைக்கழகம் அந்நாளில் அச்சிட்டு வைத்திருந்த சான்றிதழ்த் தாள்களில், பட்டம் பெறுபவரைக் குறிக்க ஆங்கிலத்தில் ஆண்பாற் சொல் ஒன்றே இடம்பெற்றிருந்தது. பெண் ஒருத்தி அத்தாளைப் பெற வருவாள் என எவரும் எண்ணியிருக்கவில்லை. ஒருத்தி வந்தாள். அவளுக்காகப் புதிய தாள் அச்சடிக்க நேரமில்லை போலும். அச்சிட்டிருந்த சொல்லைப் பேனாவால் அடித்துவிட்டு, அதற்குப் பக்கத்தில் பெண்பாற் சொல்லைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். அச்சான்றிதழைப் பெற்றவர் அ. லலிதா, இந்தியாவில் முறையாகப் பொறியியல் பயின்று பட்டம் பெற்ற முதல் பெண்மணி எனப் போற்றப்படுபவர். அவர் பயின்ற இடம் கிண்டிப் பொறியியல் கல்லூரி.

இக்கல்லூரியின் வரலாறு நெடியது. 1794-ஆம் ஆண்டு, மைக்கேல் டாப்பிங் என்பாரின் முயற்சியால், நிலம் அளக்கக் கற்றுக்கொடுக்கும் சிறு பள்ளியாக எட்டு மாணவர்களோடு தொடங்கியது. பின்னர் அது பொறியியல் கல்லூரியாக வளர்ந்து, 1920-இல் கிண்டியிலுள்ள இன்றைய இடத்திற்கு வந்து சேர்ந்தது. நெடுங்காலம் சென்னைப் பல்கலைக்கழகத்தின் குடைக்கீழ் இருந்தது. 1978-இல் கிண்டிக் கல்லூரி, அதன் அருகிலேயே 1944-இல் தோன்றிய அழகப்பச் செட்டியார் தொழில்நுட்பக் கல்லூரி, கட்டடக்கலைப் பள்ளி, குரோம்பேட்டையிலுள்ள எம்.ஐ.டி. எனப்படும் சென்னைத் தொழில்நுட்ப நிறுவனம் ஆகிய நான்கும் ஒன்றிணைக்கப்பட்டு, அறிஞர் அண்ணாவின் பெயரால் அரசுப் பல்கலைக்கழகம் ஒன்று உருவாயிற்று. ஆகவே அண்ணா பல்கலைக்கழகத்தின் பிள்ளைகள் என்று நாம் இக்கட்டுரையில் குறிப்பிடுவோரில் சிலர், அப்பெயர் பிறக்கும் முன்பே அதன் தாழ்வாரங்களில் நடந்து சென்றவர்கள்.

இத்தகைய கல்விக்கூடங்களின் பெருமையைப் பேசும் போதெல்லாம் பெரும் நிறுவனங்களின் தலைவர்களையும் கோடீசுவரர்களையும் பட்டியலிடுவது வழக்கமாகிவிட்டது. அவர்களை நாம் குறைத்து மதிக்கவில்லை. ஆயினும் அரசின் பணத்தில், அதாவது வரி செலுத்தும் ஏழை எளியோரின் பணத்தில் நடக்கும் ஒரு பல்கலைக்கழகத்தைப் பற்றி நாம் கேட்க வேண்டிய கேள்வி வேறு. அதன் வாயிலுக்குள் யார் நுழைய முடிந்தது? நுழைந்தவர் வெளியே வந்து யாருக்கு என்ன செய்தார்? இக்கேள்வியை மனத்தில் வைத்துக்கொண்டே லலிதாவிடம் வருவோம்.

1919-இல் தெலுங்கு பேசும் நடுத்தரக் குடும்பம் ஒன்றில் ஏழு மக்களுள் ஒருவராகப் பிறந்தார் லலிதா. தந்தையார் பப்பு சுப்பாராவ், கிண்டிக் கல்லூரியிலேயே மின்பொறியியல் பேராசிரியர். படித்த குடும்பமாயினும் அக்கால வழக்கப்படி லலிதாவுக்குப் பதினைந்தாம் வயதில் மணம் முடித்தார்கள். பதினெட்டாம் வயதில், 1937-இல், அவர் கணவரை இழந்தார். கையில் நான்கு மாதப் பெண் குழந்தை. இளம் விதவைகளுக்கு அந்நாளைய சமுதாயம் என்ன வாழ்க்கையை ஒதுக்கி வைத்திருந்தது என்பதை நம் பாட்டிமார் சொல்லக் கேட்டிருக்கிறோம். மூலையில் ஓர் இடம், வெள்ளைச் சேலை, நல்ல காரியங்களில் எதிரே வரக்கூடாது என்ற கட்டளை. லலிதா அந்த மூலைக்குள் போக மறுத்தார். தந்தையும் அவரை அங்கே தள்ளவில்லை. மறுமணத்தையும் அவர் நாடவில்லை. தம் காலில் தாம் நின்று குழந்தையை வளர்க்க வேண்டும் என்பதே அவர் உறுதி.

இராணி மேரி கல்லூரியில் இண்டர்மீடியட் தேர்வில் முதல் வகுப்பில் தேறினார். அடுத்து என்ன? பெண்கள் மருத்துவம் பயில்வது அதற்குள் ஓரளவு பழகிப்போயிருந்தது. ஆனால் நோயாளி அழைக்கும் நேரமெல்லாம், நள்ளிரவிலும், குழந்தையை விட்டுவிட்டு ஓட வேண்டிய தொழில் அது என்று லலிதா எண்ணினார். காலையில் சென்று மாலையில் வீடு திரும்பும் வேலை வேண்டும். தந்தையும் உடன்பிறந்த ஆடவரும் பொறியாளர்கள். வீட்டில் நாள்தோறும் கேட்ட பேச்சும் அதுவே. தாய்மையின் பொறுப்பே அவரைப் பொறியியலுக்குக் கொண்டு வந்தது என்பதை இங்கே கருத்தில் கொள்ள வேண்டும். வீட்டைத் துறந்தால்தான் பெண் இத்துறைக்கு வரலாம் என்று இன்றும் பேசுவோர் உண்டு. அவர்களுக்கு லலிதாவின் கதை தெரியாது.

சுப்பாராவ் கல்லூரி முதல்வர் கே. சி. சாக்கோவையும், மாகாணப் பொதுக்கல்வி இயக்குநரையும் அணுகினார். இருவரும் இசைந்தனர். 1940-இல் லலிதா மின்பொறியியல் வகுப்பில் சேர்ந்தார். நூற்றுக்கணக்கான ஆண்கள் பயின்ற வளாகத்தில் அவர் ஒருவரே பெண். அவருக்கென விடுதியில் தனி இடம் ஒதுக்கப்பட்டது. குழந்தை அருகில் இருந்த சகோதரர் வீட்டில் வளர்ந்தது. வார இறுதியில் தாய் போய்ப் பார்த்து வருவார். உடன் பயின்ற மாணவர்கள் தம்மை மரியாதையோடு நடத்தியதாகவே அவர் பின்னாளில் குறிப்பிட்டிருக்கிறார். ஆனால் மாலையில் விடுதிக்குத் திரும்பினால் பேச ஒரு துணை இல்லை. இதைக் கண்ட தந்தையார் மறுபடியும் கல்லூரியாரிடம் பேசினார். பெண்களும் விண்ணப்பிக்கலாம் எனக் கல்லூரி விளம்பரம் செய்தது.

அவ்விளம்பரத்தின் பலனாகக் கட்டடப் பொறியியல் வகுப்பில் இருவர் சேர்ந்தனர்: லீலாம்மா ஜார்ஜ், பி. கே. திரேசியா. இருவரும் மலையாள நாட்டினர். லலிதாவுக்கு ஓராண்டு இளையவர்கள். உலகப் போர் நடந்த காலமாதலால் பொறியாளர்கள் விரைவாகத் தேவைப்பட்டனர்; படிப்புக் காலம் சுருக்கப்பட்டது. மூவரும் ஏறத்தாழ ஒருசேரப் பட்டம் பெற்று வெளியே வந்தனர்.

பட்டத்திற்குத் தேவையான ஓராண்டுச் செயல்முறைப் பயிற்சியை ஜமால்பூர் இரயில்வே பணிமனையில் முடித்த லலிதா, சிம்லாவில் மத்திய அரசின் தரநிர்ணய அலுவலகத்தில் பணியேற்றார். சிறிது காலம் தந்தையின் ஆராய்ச்சிகளில் உதவினார். புகையில்லா அடுப்பு ஒன்றும், மின்னால் இயங்கும் இசைக்கருவி ஒன்றும் அந்தத் தந்தையும் மகளும் சேர்ந்து முயன்றவற்றுள் அடங்கும். 1948 முதல் கல்கத்தாவில் ஓர் ஆங்கில மின்கருவி நிறுவனத்தில் பணிபுரிந்து, மின்கடத்துக் கம்பித் தடங்களையும் துணைமின் நிலையங்களையும் வடிவமைத்தார். பக்ரா நங்கல் அணையின் மின்னாக்கிகள் தொடர்பான வேலையும் அவர் கைகளில் சென்றது. 1964-இல் நியூயார்க்கில் பெண் பொறியாளர், விஞ்ஞானியரின் முதல் உலக மாநாடு நடைபெற்றபோது இந்தியாவிலிருந்து சேலை உடுத்திச் சென்று கலந்துகொண்டார். 1977-இல் ஓய்வு பெற்று, 1979-இல் தம் அறுபதாம் வயதில் மறைந்தார். மகள் தாயின் நிழலில் படித்து ஆளானார்.

திரேசியாவின் வரலாறு நம் வாசகர்களுக்கு இன்னும் நெருக்கமானது. திருச்சூர் மாவட்டத்தில் எடத்திருத்தி என்ற ஊரில், 1924-இல், கத்தோலிக்க உழவர் குடும்பம் ஒன்றில் பிறந்தவர். பட்டம் பெற்றதும் கொச்சி அரசின் பொதுப்பணித் துறையில் சேர்ந்தார். முதற்பணிகளுள் ஒன்று முளங்குன்றத்துக்காவில் காசநோய் மருத்துவமனைக் கட்டட வேலை. காசநோய் என்றாலே மக்கள் விலகி ஓடிய நாட்கள் அவை. அங்கிருந்து படிப்படியாக உயர்ந்து, 1971-இல் கேரள மாநிலப் பொதுப்பணித் துறையின் தலைமைப் பொறியாளர் ஆனார். இந்தியாவில் அப்பதவியை எட்டிய முதல் பெண்மணி அவரே. முப்பதுக்கும் மேற்பட்ட புதிய பாலங்கள், சாலைகள், கோழிக்கோட்டில் தாய்சேய் மருத்துவமனை என அவர் காலத்துப் பணிகள் பல. தாரில் இரப்பரைக் கலந்து சாலை போடும் முறையைக் கேரளத்தில் சோதித்துப் பார்த்தவரும் அவர்தாம். மணம் செய்துகொள்ளாமலே வாழ்ந்து, 1979-இல் ஓய்வு பெற்று, 1981-இல் காலமானார். பாலத்தைக் கடப்பவர் எவரும் கட்டியவர் பெயரைக் கேட்பதில்லை. லீலாம்மா ஜார்ஜ் திருவிதாங்கூர் அரசின் பொதுப்பணித் துறையில் பணியாற்றினார்.

இவர்கள் காலத்திலேயே அக்கல்லூரியில் இயந்திரப் பொறியியல் படித்துக்கொண்டிருந்தார் வர்கீஸ் குரியன் என்ற இளைஞர். இலயோலா கல்லூரியில் 1940-இல் இயற்பியலில் பட்டம் பெற்றுவிட்டுக் கிண்டிக்கு வந்தவர். கிண்டியில் குத்துச்சண்டையிலும் பெயர் வாங்கினார். பால் பற்றி அவருக்கு எந்த ஈடுபாடும் கிடையாது. மேல்படிப்புக்கு அரசின் உதவித்தொகை வேண்டினார். பால்பண்ணைப் பொறியியலுக்குத்தான் இடம் இருந்தது. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்திற்குச் சென்ற அவர், பாலைக் கொஞ்சம் எட்டிப் பார்த்துவிட்டு, தமக்குப் பிடித்த இயந்திரவியலையும் அணுவியலையும் கற்றுத் திரும்பினார் என்பதை அவரே மறைக்காமல் சொல்லியிருக்கிறார்.

உதவித்தொகை தந்த அரசு சும்மா விடுமா? ஒப்பந்தப்படி அரசு சொல்லும் இடத்தில் வேலை பார்த்தாக வேண்டும். 1949 மே 13-ஆம் நாள் குஜராத்தில் ஆனந்த் என்ற சிற்றூரில் வந்து இறங்கினார். புழுதியும் வெயிலும் கொண்ட அவ்வூரில் ஒரு பழைய பால்பொருள் கூடத்தில் பணி. எப்போது ஓடலாம் என்றுதான் நாளை எண்ணிக்கொண்டிருந்தார். ஆனால் அங்கே திரிபுவன்தாஸ் படேல் என்ற பெரியவர், எருமை வளர்க்கும் எளிய உழவர்களைச் சேர்த்துக் கூட்டுறவுச் சங்கம் நடத்திக்கொண்டிருந்தார். தரகர்கள் வைத்ததே விலை என்றிருந்த அவர்களது நிலையைக் குரியன் கண்ணால் கண்டார். ஒப்பந்தக் காலம் முடிந்தபின்னும் அவர் போகவில்லை; ஆயுள் முழுதும் ஆனந்திலேயே தங்கினார்.

எருமைப்பாலைப் பால்தூளாக்க முடியாது என்று மேலைநாட்டு வல்லுநர்கள் கைவிரித்தபோது, உடன் பணியாற்றிய எச். எம். தலாயா அதைச் செய்து காட்டினார்; அந்த ஆலை 1955-இல் பண்டித நேருவால் திறந்து வைக்கப்பட்டது. 1965-இல் தேசியப் பால்வள வாரியம், 1970-இல் வெண்மைப் புரட்சித் திட்டம். 1990-களின் இறுதியில் உலகில் மிகுதியாகப் பால் தரும் நாடாக இந்தியா உயர்ந்தது. நம் ஊர்க் கூட்டுறவுச் சங்கத்தில் காலையில் பால் ஊற்றிவிட்டு, பத்து நாளைக்கொருமுறை பணம் வாங்கிக்கொள்ளும் குடும்பத்தலைவிகள் அவர் பெயரை அறிந்திருக்க மாட்டார்கள். கிண்டியில் அவருக்காகச் செலவிட்ட பொதுப்பணம் எங்கே போயிற்று என்று கேட்டால், அந்தப் பால்குடத்தைத்தான் நாம் காட்டுவோம். 2012-இல் அவர் மறைந்தார்.

அயல்நாடு சென்று அங்கேயே தங்கிவிட்டவர்களைக் குறைகூறுவது எளிது. நாமும் சில வேளைகளில் கூறுவதுண்டு. ஆனால் ராஜ் ரெட்டியை அப்பட்டியலில் சேர்க்க மனம் வரவில்லை. ஆந்திரத்தில் காட்டூர் என்ற சிற்றூரில் பிறந்து, தம் குடும்பத்திலேயே முதன்முதலாகக் கல்லூரிக்குச் சென்றவர் அவர். 1958-இல் கிண்டியில் கட்டடப் பொறியியல் முடித்துவிட்டு, ஆஸ்திரேலியா வழியாக அமெரிக்காவை அடைந்து, கணிப்பொறியை மனிதன் பேசுவதைக் கேட்டுப் புரிந்துகொள்ளச் செய்யும் ஆராய்ச்சியில் இறங்கினார். கைப்பேசியை நோக்கி நாம் தமிழில் கேள்வி கேட்க, அது எழுத்தாக மாற்றிக் காட்டும் இன்றைய வித்தைக்கு அடிப்படை போட்டவர்களுள் அவர் ஒருவர். கணிப்பொறித் துறையின் தலைசிறந்த பரிசாகிய டூரிங் விருதை 1994-இல் மற்றொருவரோடு பகிர்ந்து பெற்றார்.

கங்கையையும் காவிரியையும் இணைக்கக் கனவு கண்ட கே. எல். ராவும் கிண்டியின் மாணவரே. கிரிக்கெட் அன்பர்கள் கோபித்துக்கொள்ளாதிருக்க இன்னும் இரு பெயர்கள்: 1975, 1979 உலகக் கோப்பைப் போட்டிகளில் இந்திய அணிக்குத் தலைமை தாங்கி, பின்னர் நடுவராக 73 டெஸ்ட் ஆட்டங்களில் நின்ற வெங்கட்ராகவன், 1983 இறுதியாட்டத்தில் 38 ஓட்டங்கள் எடுத்து, அன்றைய ஆட்டத்தின் மிக உயர்ந்த தனி எண்ணிக்கையைப் பெற்ற ஸ்ரீகாந்த். இருவரும் கிண்டிப் பொறியாளர்கள்.

இனிக் குரோம்பேட்டைக்குச் செல்வோம். சி. இராஜம் என்ற தொழிலதிபர் தம் இல்லத்தையே விற்று 1949-இல் எம்.ஐ.டி.யை நிறுவினார். நாடு விடுதலை பெற்று இரண்டே ஆண்டுகள். விமானம், மோட்டார் வண்டி, மின்னணுவியல் என்று அன்று நம் நாட்டில் அரிதாயிருந்த பாடங்களை அது கற்பித்தது. அறிவியல் பட்டம் பெற்றவர்களுக்கே இடம்.

திருச்சிராப்பள்ளி தூய வளனார் கல்லூரியில் 1954-இல் இயற்பியல் முடித்த இராமேசுவரத்து இளைஞர் ஒருவருக்கு அங்கே இடம் கிடைத்தது. வளனார் கல்லூரி விடுதியின் காப்பாளராயிருந்த அருள்தந்தை செக்கேரா, கையில் விவிலியத்தோடு ஒவ்வோர் இரவும் மாணவர் அறைகளுக்கு வந்து நலம் விசாரித்ததை அவர் முதுமையிலும் மறக்கவில்லை. எம்.ஐ.டி.யில் சேர ஏறத்தாழ ஆயிரம் ரூபாய் தேவைப்பட்டது. தந்தையிடம் அவ்வளவு தொகை ஏது? அக்காள் சோகரா தம் தங்க வளையல்களையும் சங்கிலியையும் அடகு வைத்துப் பணம் திரட்டித் தந்தார். தம் சொந்தச் சம்பாத்தியத்தில் அந்நகைகளை மீட்பதென அவர் உறுதி பூண்டார். அவர்தாம் பின்னாளில் இந்தியாவின் குடியரசுத் தலைவராக விளங்கிய அப்துல் கலாம். அடகுக் கடைச் சீட்டு ஒன்றேனும் இல்லாமல் பிள்ளைகளைப் படிக்கவைத்த குடும்பங்கள் நம்மிடையே எத்தனை இருக்கும்?

எம்.ஐ.டி. நாட்களில் தமிழ்ச் சங்கம் ஒரு கட்டுரைப் போட்டி வைத்தது. நம் விமானத்தை நாமே கட்ட வேண்டும் என்று கலாம் தமிழில் எழுதிய கட்டுரைக்கு முதற்பரிசு. பரிசளித்தவர் ஆனந்த விகடனின் 'தேவன்'. மற்றொரு சமயம், விமான வடிவமைப்பு ஒன்றில் வேலை பின்தங்கியதைக் கண்ட பேராசிரியர் சீனிவாசன், மூன்று நாளில் முடிக்காவிடில் உதவித்தொகையை நிறுத்திவிடுவதாக எச்சரித்தார். உதவித்தொகை போனால் கலாமின் படிப்பே போயிற்று. உண்ணாமல், உறங்காமல் வரைபலகையின்முன் நின்று முடித்துக் கொடுத்தார். இவ்வளவு கடுமை தேவைதானா என்று இன்றைய பெற்றோர் கேட்கலாம். நமக்கும் அந்த ஐயம் உண்டு. கலாம் மட்டும் அந்த ஆசிரியரை நன்றியோடே நினைவுகூர்ந்தார். 1980 சூலை 18-இல் எஸ்.எல்.வி.-3 ஏவூர்தி ரோகிணி செயற்கைக்கோளை விண்ணில் செலுத்தியபோது அத்திட்டத்தின் இயக்குநர் அவரே.

வளனார் கல்லூரியிலும் எம்.ஐ.டி.யிலும் கலாமின் காலத்தவராயிருந்த மற்றொருவர் எஸ். ரங்கராஜன். பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் மின்னணு வாக்குப்பதிவு இயந்திரம் உருவாவதை மேற்பார்த்தவர். 'சுஜாதா' என்றால்தான் நம் வாசகர்களுக்குத் தெரியும்.

மாணவர்களாயிருக்கும்போதே இப்பல்கலைக்கழகத்தார் சாதித்தவை உண்டா என்று கேட்கலாம். உண்டு. 2009 ஏப்ரல் 20-ஆம் நாள் சிறீஅரிக்கோட்டாவிலிருந்து பி.எஸ்.எல்.வி. ஏவூர்தி எடுத்துச் சென்ற சுமைகளுள் 40 கிலோ எடையுள்ள சிறு பெட்டி ஒன்றும் இருந்தது. அதன் பெயர் அனுசாட். எம்.ஐ.டி. வளாகத்தில் ஆசிரியர்களும் மாணவர்களும், விண்வெளி ஆராய்ச்சி நிறுவனத்தாரின் வழிகாட்டலோடு, உருவாக்கிய செயற்கைக்கோள். இந்தியப் பல்கலைக்கழகம் ஒன்று உருவாக்கிய முதல் கோள் அதுவே. ஓரிடத்திலிருந்து வரும் செய்தியை வாங்கிச் சேமித்து, மற்றோர் இடத்திற்கு மேலே வரும்போது இறக்கித் தருவது அதன் வேலை. ஏறக்குறைய நம் தபால்காரர் செய்வதுதான். மூன்றாண்டுகள் சுற்றிய பின் 2012 ஏப்ரலில் அது வளிமண்டலத்தில் எரிந்து மறைந்தது. அதே வளாகத்தின் மாணவர் குழு ஆளில்லாச் சிறுவிமானத்தோடு 2018-இல் ஆஸ்திரேலியா சென்று, தொலைவிலுள்ள நோயாளியிடமிருந்து மருத்துவப் பொருளை எடுத்து வரும் போட்டியில் இரண்டாமிடம் பெற்றது. கொரோனாத் தொற்றின்போது, 2020-இல், அத்தகைய விமானங்கள் தமிழகத்தில் கிருமிநாசினி தெளிக்கப் பயன்பட்டன.

2019 சூலை 22-இல் சந்திரயான்-2 புறப்பட்டபோது விண்வெளி ஆராய்ச்சி நிறுவனத்தின் தலைவர் கி. சிவன், குமரி மாவட்டத்து உழவரின் மகன். ஊரில் தமிழ்வழியில் அரசுப்பள்ளியில் படித்து, 1980-இல் எம்.ஐ.டி.யில் விமானப் பொறியியல் முடித்தவர். அத்திட்டத்தின் இயக்குநர் வனிதா முத்தையா கிண்டிக் கல்லூரியின் முன்னாள் மாணவி. பிற கோள்களையோ நிலவையோ நாடிச் செல்லும் இந்தியத் திட்டமொன்றை முன்நடத்திய முதல் பெண். தரையிறங்கும் கலம் கடைசி நிமிடங்களில் தவறி விழுந்தது, நாடே கலங்கியது. ஆனால் அதனோடு சென்ற சுற்றுக்கலன் நிலவைச் சுற்றிக்கொண்டே இருந்தது. 2023 ஆகஸ்டில் சந்திரயான்-3 நிலவை நெருங்கியபோது, அந்தப் பழைய சுற்றுக்கலன்தான் புதியதோடு முதலில் தொடர்புகொண்டது. தோல்வி என்று எழுதப்பட்ட கணக்கில் இதையும் சேர்த்துக்கொள்ள வேண்டாமா?

ஒன்று சொல்ல வேண்டும். லலிதாவுக்குப் பேராசிரியரான தந்தை இருந்தார். கலாமுக்கு நகையைக் கழற்றிக் கொடுக்க அக்காள் இருந்தார். இவ்விரண்டும் இல்லாத பிள்ளைகள்? நுழைவுத் தேர்வுப் பயிற்சிக்குப் பணம் கட்டியவர்களே முந்திக்கொள்கிறார்கள் என்ற குறை நெடுநாள் இருந்தது. 2007 முதல் தமிழகத்தில் பொறியியலுக்கு நுழைவுத்தேர்வு நீக்கப்பட்டு, பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணே அளவுகோலாயிற்று. குடும்பத்தின் முதல் பட்டதாரிக்குக் கல்விக் கட்டணச் சலுகை 2010-இல் வந்தது. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் பயின்ற மாணவருக்குத் தொழிற்கல்வியில் ஏழரை விழுக்காட்டு இடங்களை ஒதுக்கும் சட்டம் 2021-இல் நிறைவேறியது. அவ்வாறு சேர்வோரின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்பதாக அறிவிக்கப்பட்டது. அவ்வாண்டு செப்டம்பரில், அவர்களுள் முதல் அணியினருக்குச் சேர்க்கை ஆணைகள் வழங்கப்பட்ட இடம் கிண்டியிலுள்ள அண்ணா பல்கலைக்கழக வளாகம்.